இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து அராப்பிலீஸ் மலைக்கு: பாறை ஏற விரும்புவோருக்கான வழிகாட்டி

தொண்டி முதல் சாயல்குடி வரையிலான நம் கரையில் எங்கே நின்று பார்த்தாலும் கண்ணில் படுவது பனையும் உப்பளமும் கடலும்தான்; இராமேசுவரத்துக் கந்தமாதன பர்வதத்தைக்கூட வெளியூர்க்காரர்கள் மணல்மேடு என்றே சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊர்களிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் சென்ற இளைஞர்களில் சிலர், அங்குள்ள செயற்கைச் சுவர்களில் பாறையேற்றம் பழகியிருக்கிறார்கள். மெல்பர்னில் இருக்கும் அண்ணனையோ சித்தி குடும்பத்தையோ பார்க்கப் போகும் சாக்கில், உண்மையான மலை ஒன்றில் ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. அவர்களுக்குத் தயங்காமல் சொல்லக்கூடிய இடம், விக்டோரியா மாநிலத்தின் நாட்டுப்புறத்தில் இருக்கும் அராப்பிலீஸ் மலை. அங்கே போக விரும்புவோருக்கும், அவர்களோடு சேர்ந்து புறப்படும் குடும்பத்தாருக்குமாக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

அராப்பிலீஸ் உயரமான மலை அன்று. கடல்மட்டத்திலிருந்து 369 மீட்டரும், சுற்றியுள்ள வயல்வெளியிலிருந்து ஏறத்தாழ 140 மீட்டரும்தான் அதன் உயரம். கொடைக்கானலைப் பார்த்தவர்கள் இதை மலை என்று ஒப்புக்கொள்ளவே யோசிப்பார்கள். ஆனால் விம்மெரா என்னும் அந்தச் சமவெளியில் கோதுமையும் பருப்பு வகைகளும் விளையும் வயல்களுக்கு நடுவே, வேறு மேடு எதுவும் துணைக்கில்லாமல், செங்குத்தான பாறைச் சுவர்களோடு அது தனித்து எழுகிறது. பாறை, குவார்ட்சு மிகுந்து இறுகிப்போன மணற்கல். செம்மஞ்சளும் சாம்பல் நிறமும் கலந்த அதன் முகத்தில் விரல் நுழையும் வெடிப்புகளும், முழுக்கையும் பதியும் விளிம்புகளும் ஏராளம். 2,000க்கும் மேற்பட்ட ஏறுபாதைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. கூடாரத்திலிருந்து பாறையடிக்குப் பெரும்பாலும் சில நிமிட நடைதான் என்பதால், மலையேற்றத்துக்கு முன் ஒரு மலையேற்றம் என்ற தொல்லை இங்கே இல்லை.

இந்த மலையைத் தேர்ந்தெடுப்பதற்கு என்னுடைய முதன்மையான காரணம் வேறு. உலகப் புகழ்பெற்ற பாறையேற்ற இடங்கள் பலவற்றில் புதியவர்களுக்குக் கிடைப்பவை ஓரத்தில் ஒதுங்கிய குட்டைப் பாறைகள் மட்டுமே. இங்கேயோ எளிய தரத்திலேயே நூறு மீட்டர் அளவுக்கு நீளும் பாதைகள் முதன்மையான சுவர்களில் இருக்கின்றன. கயிறு கையாளத் தெரிந்த, ஆனால் பெரிய வலிமை இல்லாத ஒருவர், உலகத்தின் முன்னணி ஏற்றக்காரர்கள் ஏறும் அதே மலையில் காலை முழுவதும் ஏறி உச்சியைத் தொட முடியும். ஆகவே கடினமான பாதை ஒன்றில் மூன்று நாள் மோதுவதைவிட, ஒரு வாரம் தங்கி நீளமான எளிய பாதைகளில் ஏறுவதே நம்மூரிலிருந்து முதன்முறையாகப் போகிறவர்களுக்கு ஏற்றது. கீழே சொல்லப்படுபவை அனைத்தும் அந்தத் திட்டத்தை மனத்தில் கொண்டவை.

பெயர்களும் வரலாறும்

இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான வொட்ஜோபாலுக் மக்களுக்கு இந்த மலை ஜூரைட். 1836 ஜூலையில் இதன் உச்சிக்கு வந்த நில அளவையாளர் தாமஸ் மிட்செல், 1812இல் ஸ்பெயினில் நடந்த சலமான்கா போர்க்களத்தின் குன்றுகளை நினைத்து அராப்பிலீஸ் என்ற பெயரை இட்டார். கயிற்றோடு ஏறுவது 1963இல் தொடங்கியது. 1985இல் ஜெர்மானியரான வுல்ஃப்காங் குல்லிக் இங்கே ஏறிய ‘பங்க்ஸ் இன் த ஜிம்’ என்னும் பாதை ஆஸ்திரேலியத் தர வரிசையில் 32 என்று மதிப்பிடப்பட்டு, அன்றைய உலகின் மிகக் கடினமான பாதையாகக் கருதப்பட்டது.

அந்தத் தர வரிசையைப் புரிந்துகொள்வது எளிது. 1960களில் ஜான் யூபேங்க் வகுத்த முறை இது. ஒன்றில் தொடங்கி எண் கூடக் கூடக் கடினம் கூடும், மேல் எல்லை கிடையாது. பெங்களூரின் உள்ளரங்கச் சுவர்களில் பழகியவர்கள் பிரெஞ்சு முறையில் ஆறு, ஏழு என்று சொல்லிக்கொள்வார்கள். அந்த எண்களை இங்கே அப்படியே பொருத்திப் பார்த்துத் தடுமாறக் கூடாது. 5 முதல் 10 வரை புதியவர்களுக்கு, 12 முதல் 16 வரை நிதானமாக ஏறுபவர்களுக்கு, 20ஐத் தாண்டினால் பயிற்சி தேவை என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

எப்போது போவது

மார்ச் கடைசியிலிருந்து மே வரையும், செப்டம்பரிலிருந்து நவம்பர் வரையும் ஏற்ற காலம். பூமியின் தென்பாதியில் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் கோடை. நம் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறையை நம்பி அந்நேரம் போனால் 40 டிகிரியைத் தொடும் வெயிலில் பாறையைக் கையால் தொட முடியாது. எங்கள் ஊரில் பார்க்காத வெயிலா என்று கேட்பவர்களுக்கு, கடற்காற்றும் ஈரமும் இல்லாத வெயில் வேறு என்பதை மட்டும் சொல்லி வைக்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகலில் ஏற முடியும், ஆனால் இரவில் குளிர் பூச்சியத்துக்கு அருகே இறங்கும். ஏப்ரலிலும் அக்டோபரிலும்கூட விடியற்காலைக் குளிர் நம் உடம்புக்குப் புதிது என்பதால், நல்ல உறைபோன்ற தூக்கப் பையும் கம்பளித் தொப்பியும் இல்லாமல் கூடாரத்தில் படுக்கக் கூடாது.

மழையைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. பக்கத்து நகரமான ஹோர்ஷமில் ஆண்டு மழை 450 மில்லிமீட்டருக்கு அருகில்தான். வறண்ட மாவட்டம் என்று பெயரெடுத்த இராமநாதபுரத்தில் பெய்வதைவிட இது குறைவு. கவனிக்க வேண்டியது காற்று. வடக்கிலிருந்து, அதாவது கண்டத்தின் பாலை உட்பகுதியிலிருந்து, சூடான வறண்ட காற்று வீசும் நாளில் காட்டுத்தீ அபாயம் ஏறும். பிறகு தென்மேற்கிலிருந்து திடீரென்று குளிர்காற்று புகுந்து, ஓரிரு மணி நேரத்தில் வெப்பம் சட்டென்று விழும். கச்சான் காற்றையும் கொண்டல் காற்றையும் பார்த்துக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதன்று. நீண்ட பாதையில் பாதி வழியில் நிற்கும்போது காற்று திசை மாறுவதைத்தான் தவிர்க்க வேண்டும். ஆகவே மாற்றம் முன்னறிவிக்கப்பட்ட நாளில் குட்டைப் பாதைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மனத்தில் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும். வடக்கு நோக்கிய சுவர் குளிர்காலத்தில் இதமாகவும் வெயில் காலத்தில் அடுப்பாகவும் இருக்கும். கிழக்கு நோக்கிய சுவரில் காலையில் வெயிலும் பிற்பகலில் நிழலும் கிடைக்கும். வழிகாட்டிப் புத்தகத்தில் பாதையின் தரத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் திசையைப் பார்ப்பவர்கள் நாளை வீணாக்குவதில்லை.

ஈஸ்டர் விடுமுறையிலும் நீண்ட வார இறுதிகளிலும் முகாம் நிரம்பி வழியும். அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

ஊரில் இருந்தபடியே செய்ய வேண்டியவை

அராப்பிலீஸின் பெரும்பாலான பாதைகளில் பாறையில் அறையப்பட்ட போல்ட்டுகள் இருக்காது. முதலில் ஏறுபவர், வெடிப்புகளில் நட், கேம் என்னும் உலோகக் கருவிகளைச் செருகி அவற்றில் கயிற்றை மாட்டிக்கொண்டே போக வேண்டும். அடுத்து ஏறுபவர் அவற்றைக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். உள்ளரங்கச் சுவரில் மட்டுமே ஏறியவர்களுக்கு இது முற்றிலும் வேறு வேலை. உடல் வலிமை இருக்கிறது என்பதற்காக நேரே அங்கே போய் லீட், அதாவது கயிற்றோடு முதல் ஆளாக, ஏறத் துணிவது, நீந்தத் தெரியும் என்பதற்காக ஆழ்கடலில் குதிப்பதைவிட மோசமானது.

ஆகவே புறப்படுவதற்கு முந்தைய ஆண்டில் இந்தியாவிலேயே உண்மையான பாறையில் பழகிவிட வேண்டும். பெங்களூருக்கு அருகிலுள்ள ராமநகரத்தின் கருங்கல் குன்றுகளும், வடகர்நாடகத்தின் பாதாமியும் அதற்குத் தோதானவை. பாதாமியின் பாறை மணற்கல் என்பதால், விளிம்புகளைப் பிடித்து ஏறும் முறை அராப்பிலீஸுக்குக் கொஞ்சம் நெருங்கி வரும். மதுரையைச் சுற்றியுள்ள சமணர் குன்றுகளில் பழகலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். கல்வெட்டும் சிற்பமும் உள்ள பாதுகாக்கப்பட்ட இடங்கள் அவை. அங்கே கயிறு கட்டுவது கூடவே கூடாது.

ஏறும் முறையைப் பொறுத்தவரை நம் கரைக்காரர்களுக்கு ஒரு நல்ல பாடம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. சாயல்குடி, நரிப்பையூர்ப் பக்கம் பனையேறுபவர்களைச் சற்று நேரம் நின்று கவனித்தால், உடம்பின் எடையைத் தளைநார் மாட்டிய கால்கள் தாங்குவதும், கைகள் மரத்தை அணைத்து நிலைநிறுத்த மட்டுமே செய்வதும் தெரியும். பாறையிலும் இதே கணக்குத்தான். கையால் இழுத்து ஏறுபவர் இரண்டாவது பிட்சிலேயே (ஒரு கயிற்று நீளத்துக்குள் ஏறும் பகுதி ஒரு பிட்ச்) முன்னங்கை விறைத்து நிற்பார். பாதத்தைப் பார்த்து வைத்து, காலை நிமிர்த்தி எழுபவர் மாலை வரை ஏறுவார்.

நட் செருகுவதைத் தரையில் நின்றபடியே நூறு முறை பழகலாம். மேலே அகன்று கீழே குறுகும் வெடிப்பைத் தேடுங்கள். அகன்ற இடத்தில் நட்டை நுழைத்து, குறுகும் இடத்துக்கு இறக்கி, விழுந்தால் கயிறு எந்தத் திசையில் இழுக்குமோ அந்தத் திசையில் ஒருமுறை சுண்டி இழுங்கள். குனிந்து உள்ளே பாருங்கள்: உலோகத்தின் இரண்டு பக்கமும் பாறையை முழுதாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஒரு முனை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அளவு தவறு, அடுத்த எண்ணை எடுங்கள். வெடிப்பின் ஓரப் பாறையை விரல் முட்டியால் தட்டும்போது பொள்ளலான ஓசை வந்தால் அந்த இடமே வேண்டாம். பிறகு கயிற்றுக்கும் நட்டுக்கும் இடையே நீளமான ஸ்லிங் (நாடா வளையம்) ஒன்றைப் போடுங்கள். இல்லையேல் நீங்கள் மேலே நகர நகரக் கயிறு ஆடி, சரியாகச் செருகிய நட்டையும் மெல்ல மேலே தூக்கிவிடும். இந்த வரிசை கைக்குப் பழகும் வரை, அடுத்து ஏறும் ஆளாகவே ஏறுங்கள்.

கருவிகள் எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. காலணி, ஹார்னஸ் (கயிற்றை மாட்டும் இடுப்புப் பட்டை), ஹெல்மெட், பிலே கருவி (ஏறுபவரின் கயிற்றைக் கீழிருந்து பிடித்து நிறுத்துவது) ஆகிய நான்கும் சொந்தமாக இருந்தால் போதும். மலைக்கு அருகிலுள்ள நாட்டிமக் ஊரை மையமாகக் கொண்டு உரிமம் பெற்ற வழிகாட்டிகள் இயங்குகிறார்கள். கயிறும் கேம்களும் அவர்களிடம் இருக்கும். முதல் இரண்டு நாளாவது அவர்களில் ஒருவரை அமர்த்திக்கொள்வதைச் செலவு என்று பார்க்க வேண்டாம். விமானச் சீட்டுக்குக் கொடுத்த தொகையோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை. மலையும் சீக்கிரம் பிடிபடும்.

விசா, காப்பீடு, பெட்டி

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 600 என்னும் வகையைச் சேர்ந்த பார்வையாளர் விசாவுக்கு இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். உறவினர் அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், வேலைக்குத் திரும்புவதற்கான சான்று ஆகியவற்றோடு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

பயணக் காப்பீட்டில் தனிக் கவனம் தேவை. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவும் கயிறு கட்டிப் பாறை ஏறுவதை விலக்கிவிடுகின்றன. நிபந்தனைகளில் பாறையேற்றம் என்ற சொல்லைத் தேடிப் படித்து, ஏற்கப்படுகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே மருத்துவச் செலவுக்கான பரிமாற்ற ஒப்பந்தம் கிடையாது; கால் முறிந்தால் ஆம்புலன்சிலிருந்து அறுவைச் சிகிச்சை வரை முழுச் செலவும் உங்களுடையது.

நம்மூர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் விமான நிலையச் சோதனை மேடைதான். சித்தி கேட்டாள் என்று கருவாடும், பிள்ளைகளுக்கென்று கருப்பட்டியும் பனங்கிழங்கும், நினைவுப் பொருளாகச் சங்கும் சிப்பி மாலையும் பெட்டிக்குள் போய்விடும். ஆஸ்திரேலியாவின் உயிரிப் பாதுகாப்பு விதிகள் மிகக் கடுமையானவை. உணவு, விதை, செடி, விலங்குப் பொருள் எதுவாக இருந்தாலும் வருகைப் படிவத்தில் ‘உண்டு’ என்று குறித்து அதிகாரியிடம் காட்ட வேண்டும். காட்டினால், அனுமதி இல்லாத பொருளை எடுத்துக்கொண்டு உங்களை அனுப்பிவிடுவார்கள். மறைத்தால் பெரும் அபராதமும், சில வேளைகளில் விசா ரத்தும் நேரும். பவளத் துண்டுகளை எடுத்துச் செல்வது இங்கேயே குற்றம். இன்னொன்று பலருக்குத் தோன்றாது: ராமநகரத்திலோ பாதாமியிலோ பயன்படுத்திய காலணியிலும் கயிற்றுப் பையிலும் மண் ஒட்டியிருந்தால் அதுவும் அறிவிக்க வேண்டிய பொருள்தான். புறப்படுவதற்கு முன் பழைய பல்துலக்கியால் அடிப்பகுதியின் இடுக்குகளைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து எடுத்துச் செல்லுங்கள்.

மெல்பர்னிலிருந்து மலையடிவாரம் வரை

மதுரையிலிருந்து கொழும்பு வழியாகவோ, திருச்சியிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகவோ மெல்பர்ன் சேரலாம். விமான நிலையம் நகரத்தின் வடமேற்கில் இருப்பதால், நகருக்குள் போகாமலே சுற்றுச்சாலையைப் பிடித்து மேற்கு நெடுஞ்சாலைக்கு வந்துவிட முடியும். பாலரட், அராரட், ஸ்டாவெல் ஆகிய ஊர்களைக் கடந்து ஹோர்ஷம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அங்கிருந்து மேற்கே நாட்டிமக் 25 கிலோமீட்டர். அதற்கப்பால் பத்துக் கிலோமீட்டரளவில் மலை. இராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் இடையேயான தூரத்தைப் போல மூன்று மடங்கு என்றாலும் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். இரவு முழுவதும் விமானத்தில் விழித்துவிட்டு நேரே வண்டியை எடுக்க வேண்டாம். ஒரு நாள் மெல்பர்னில் உறங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆங்கிலத்தில் அச்சிட்ட நம் ஓட்டுநர் உரிமத்தைக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொண்டு, குறுகிய காலச் சுற்றுலாவில் வண்டி ஓட்டலாம். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருந்தால் வாடகைக் கார் நிறுவனங்களிடம் பேச்சு குறையும். விடியலிலும் அந்தி சாயும் நேரத்திலும் கங்காருக்கள் திடீரென்று சாலையில் பாயும். ஆகவே பகல் வெளிச்சத்துக்குள் ஊர் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். ஹோர்ஷம் வரை ரயிலும் பேருந்தும் உண்டு; ஆனால் கடைசி 35 கிலோமீட்டருக்கும், தங்கும் நாட்களில் தண்ணீர், உணவு வாங்கி வருவதற்கும் கார் இல்லாமல் முடியாது.

மலையடிவாரத்தில் பைன் மரங்களுக்கிடையே உள்ள முகாம், மாநிலப் பூங்காக்களைக் கவனிக்கும் பார்க்ஸ் விக்டோரியா அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. இடத்தை அவர்களுடைய இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். கழிப்பறை உண்டு, அதற்கு மேல் வசதி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். குடிநீரை ஹோர்ஷமிலேயே கேன்களில் நிரப்பிக்கொள்ளுங்கள். விறகு பொறுக்கக் கூடாது என்பதால் சமையலுக்குச் சிறிய கேஸ் அடுப்பு வேண்டும். முழுத் தீத்தடை அறிவிக்கப்பட்ட நாளில் திறந்தவெளியில் நெருப்பு மூட்டுவது கடுங்குற்றம். விக்எமர்ஜென்சி என்னும் செயலியைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் பாருங்கள். பேரழிவு நிலை என்று அறிவிக்கப்பட்ட நாளில் மலையை விட்டே கிளம்பிவிட வேண்டும். நாட்டுப்புறங்களில் டெல்ஸ்ட்ரா என்னும் கைப்பேசி நிறுவனத்தின் இணைப்புக்குத்தான் அலைவரிசை ஓரளவு நன்றாகக் கிடைக்கும்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். ஹோர்ஷமின் பெரிய கடைகளில் அரிசியும் காய்கறியும் கிடைக்கும். மசாலாப் பொருள்களை மெல்பர்னின் மேற்குப் புறநகர்களில் உள்ள இந்தியக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். முகாமைச் சுற்றியுள்ள வயல்களில் விளைவது நாம் மைசூர்ப் பருப்பு என்று வாங்கும் அதே பருப்புத்தான். இந்தியாவுக்கு அதை விற்கும் முக்கியமான பகுதிகளில் விம்மெராவும் ஒன்று.

மூடப்பட்ட சுவர்கள்

இதைப் படிக்காமல் யாரும் கிளம்பக் கூடாது. ஜூரைட், வொட்ஜோபாலுக் உள்ளிட்ட பூர்வகுடி மக்களின் பண்பாட்டு நிலம். கல்லாயுதங்களுக்காகக் கல் உடைத்தெடுத்த இடங்களும், பாறை ஓவியங்களும் இங்கே இருக்கின்றன. 2005 டிசம்பரில் அம்மக்களின் பூர்வீக உரிமையை நீதிமன்றம் ஏற்றது. விக்டோரியாவில் அப்படி ஏற்கப்பட்டது அதுவே முதன்முறை. அவர்கள் சார்பில் பரெங்கி கட்ஜின் நில மன்றம் செயல்படுகிறது. பண்பாட்டுச் சின்னங்களுக்குச் சேதம் விளைவிப்பது 2006ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி குற்றமாகும்.

2024 நவம்பரில் பார்க்ஸ் விக்டோரியா வெளியிட்ட வரைவுத் திட்டம், ஏறுபாதைகளில் ஏறத்தாழப் பாதியை மூட முன்மொழிந்தது. ஏறுபவர்களும் நாட்டிமக் ஊர்க்காரர்களும், தங்களைக் கலந்து பேசவில்லை என்று கடுமையாக எதிர்த்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, தலைமுறையாகத் தீவுகளில் இறங்கிப் பழகிய மீனவர்களுக்கும் வனத்துறைக்கும் இடையே வந்த மனக்கசப்பை அறிந்த நமக்கு இந்த வாதங்களின் இரண்டு பக்கமும் விளங்கும். ஆனால் விருந்தாளியாகப் போகிறவர் அந்த வழக்கில் கட்சி சேர வேண்டியதில்லை. எந்தச் சுவர் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பது மாறக்கூடியது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கிறது என்பது அனுமதி ஆகாது. புறப்படும் வாரத்தில் ஒருமுறையும், முகாமுக்கு வந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒருமுறையும் பாருங்கள். வல்லூறுகள் கூடு கட்டும் வசந்த காலத்தில் சில சுவர்களை விட்டு விலகியிருக்கவும் கேட்டுக்கொள்வார்கள்.

பாறையில் முதல் வாரம்

முதல் நாள் டிப்டோ ரிட்ஜ் என்னும் முகட்டுப் பாதைக்குப் போங்கள். தரம் 5. பிடிகள் பெரியவை, ஆனால் இருபுறமும் வெளி திறந்திருக்கும். தட்டையான நிலத்தில் பிறந்தவர்களுக்கு உயரத்தின் அச்சத்தைப் பழக்கிக்கொள்ள இதைவிடத் தக்க இடம் கிடையாது. அதன் பின் அரக்னஸ், தரம் 9. பிறகு த பார்ட், தரம் 12. பல பிட்சுகள் கொண்ட த பார்ட், சுவரின் நடுவே குறுக்காக நகரும் இடங்களில் கால் வைப்பதை உண்மையாகவே சோதிக்கும். குறுக்கே நகரும் பகுதியில் முதலில் போகிறவர் தமக்கு எளிதாக இருக்கிறது என்று கருவி செருகாமல் விட்டால், பின்னால் வருபவர் வழுக்கும்போது பெண்டுலமாக ஆடிப் பாறையில் மோதுவார். முன்னால் போகிறவர் பின்னால் வருபவருக்காகவும் செருக வேண்டும். புகைப்படங்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய கூரைபோல் நீட்டிய கச்சூங் பாதை தரம் 21. கீழே நின்று பிறர் ஏறுவதைப் பார்ப்பதற்கே ஒரு பிற்பகல் தகும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் சிதறும். உச்சியைத் தொட்டுவிட்ட மகிழ்ச்சியில், களைப்போடு, இருட்டும் நேரத்தில் இறங்க வேண்டியிருக்கும். ஏறத் தொடங்கும் முன்பே இறங்கும் வழியைப் படித்து, கீழிருந்து கண்ணால் பார்த்து வையுங்கள். கயிற்றில் இறங்கும்போது இரண்டு முனைகளிலும் முடிச்சுப் போடாமல் கயிற்றைக் கீழே வீசக் கூடாது. ஆளுக்கொரு தலைவிளக்கு பையில் இருக்க வேண்டும். நண்பகலிலேயே திரும்பிவிடுவோம் என்ற நாளிலும் இருக்க வேண்டும். காற்றில் குரல் கேட்காது என்பதால், கயிற்றை எத்தனை முறை இழுத்தால் என்ன பொருள் என்று தரையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பாதையில் வேறு குழு இருந்தால் ஒவ்வொரு கூவலிலும் தோழரின் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுங்கள்.

வெயில் நாட்களில் பாறையடிப் புல்லில் பழுப்புப் பாம்பு இருக்கும். கடும் நஞ்சு உடையது. அங்குள்ள பாம்புகள் கடித்தால் கடிவாயைக் கழுவாமல், விரல்நுனியிலிருந்து மேலே வரை முழுக் கையையோ காலையோ அகலமான இழுவைக் கட்டால் இறுக்கிச் சுற்றி, கடிபட்டவரை நடக்கவிடாமல் கிடத்தி, 000 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அப்படி இரண்டு கட்டுச் சுருள்கள் ஒவ்வொரு பையிலும் இருக்கட்டும். செப்டம்பர், அக்டோபரில் மேக்பை என்னும் கருப்பு வெள்ளைப் பறவை தலையைக் குறிவைத்துப் பாய்ந்து வரும். ஆபத்து அதிகமில்லை, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நடந்தால் போதும்.

ஏறாத குடும்பத்தாருக்கு

அம்மாவும் அத்தையும் முகாம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. உச்சிப் பகுதிக்குத் தார்ச்சாலை உண்டு. காரிலேயே போய், தீ கண்காணிப்புக் கோபுரம் இருக்கும் இடத்திலிருந்து சமவெளி முழுவதையும் பார்க்கலாம். நடக்கக்கூடியவர்களுக்குச் சென்ட்ரல் கல்லி என்னும் பாறை இடுக்கு வழியாக மேலே போகும் ஒற்றையடிப் பாதை இருக்கிறது; முழங்கால் வலி உள்ளவர்கள் அதில் ஏறினாலும் சாலை வழியாக இறங்கட்டும். வடக்கே மைட்டர் பாறையும் அதையடுத்து உப்பு ஏரியும் உள்ளன. வாலிநோக்கம் உப்பளங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வெள்ளைப் பரப்பு உடனே பிடிபடும். ட்ரோன் பறக்கவிட அனுமதி இல்லை.

ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது நேர வேறுபாட்டை நினைவில் வையுங்கள்: விக்டோரியா நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால் இருக்கும், அக்டோபர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை ஐந்தரை மணி நேரம். திரும்பும் நாளில் காலையில் ஏற்றம் எதுவும் வைத்துக்கொள்ளாமல், கூடாரத்தைக் காயவைத்து மடித்து, குப்பையை எடுத்துக்கொண்டு பத்து மணிக்குள் கிளம்பினால், கங்காருக்கள் சாலைக்கு வரும் அந்திக்கு வெகு முன்பே மெல்பர்ன் போய்ச் சேர்ந்துவிடலாம்.